கடிகாரத்தைக் கழற்றாதீர்கள்

என் பயில்வான் கணவருக்கு,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சம்மட்டியைத் தேட வேண்டாம், அது என்னோடு ஆபீஸ் வருகிறது. உடற்பயிற்சி என்று உங்களிடம் அடி வாங்கும் அந்தப் பழைய டயருக்கும் ஒருநாள் லீவு கிடைக்கட்டும்.

நேற்று உங்கள் கைக்கடிகாரம் இதயத்துடிப்பு நூற்றெண்பது என்று என் போனில் காட்டியதும், கூப்பிட்டுக் கத்தினேன். நீங்கள் கோபத்தில் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு அடித்திருக்கிறீர்கள். இங்கே எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. விழுந்தடித்து வந்தால், "என்ன, சீக்கிரம் வந்துட்டே?" என்கிறீர்கள்.

இனி எவ்வளவு ஏறினாலும் திட்டமாட்டேன். சாயங்காலம் நான் பக்கத்தில் இருக்கும்போது அடியுங்கள்.

பி.கு.: குளிக்கக் கழற்றுவதாக இருந்தாலும், முதலில் எனக்கு ஒரு போன்.