முப்பத்தொரு தப்படி

அன்புள்ள மச்சானுக்கு,

பெரிய சினிமாக் கொட்டகை எரிந்து மூன்று நாள் புகைந்ததே, நினைவிருக்கிறதா? கடிகாரக் கோபுரத்தில் இடி விழுந்து, மணி நாலேகாலிலேயே நின்றுவிட்டதும் அந்த வருடம்தான். என் இரண்டாவது பெண் பிறந்ததும், அவளைப் பார்க்க நீ சேற்றுக்காலோடு ஆஸ்பத்திரிக்குள் வந்து நர்சம்மாவிடம் திட்டு வாங்கியதும் அதே வருடம். அந்த வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாதே, நல்ல சேதிதான்.

நாங்கள் இருவரும் நலம். உன் நலத்துக்கு, முக்கியமாக உன் வலது முழங்காலின் நலத்துக்கு, பதில் போடு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை. எனக்கு எழுத்து வராது என்பதால், நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாளா, நடுவில் தன் பக்கத்து நியாயத்தைச் செருகுகிறாளா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நீதான் சலித்தெடுத்துப் படிக்க வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். இருபத்தாறு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இடித்து மாடி கட்டப் போகிறார்களாம். நான் ஓய்வு பெற்றபோது வந்த பணம் பேங்கில் தூங்கிக்கொண்டிருந்தது அல்லவா, அதை எழுப்புவதற்கு ஆளுக்கொரு யோசனை. பணம் அப்படியே இருக்கட்டும், எங்களோடு வந்துவிடுங்கள் என்றான் மகன். நல்ல பையன்தான், ஆனால் அவன் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடம் சோபா. பெரியவள் மேட்டுத் தெருவில் எட்டாவது மாடியில் ஒரு ஃபிளாட்டைக் காட்டினாள். காற்று ஆளைத் தூக்குகிறது. நான் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். அந்தத் தெருவின் தண்ணீர் லைனை ஆறங்குலத்திலிருந்து நாலங்குலமாகக் குறைத்ததே நாம்தானே. இன்னும் பத்துக் குடும்பம் குடிவந்தால் குழாயிலும் காற்றுதான் வரும். "வீடு பாருங்கன்னா அப்பா குழாயப் பாக்கறாரு" என்று அவளுக்கு ஒரே கோபம். நாற்பது வருடம் வால்வு திறந்து மூடியவன் வேறு எதைப் பார்ப்பான்?

அப்புறம் நானாகவே ஒரு வீட்டைப் பார்த்துப் பணத்தைக் கட்டி, கைநாட்டும் வைத்துவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் உன் தங்கையிடம் சொன்னேன். பட்டறைச் சந்தில், சலூன் இருந்த முனையிலிருந்து ஐந்தாவது வீடு.

உன் முகம் இப்போது மாறியிருக்கும். பொறு.

அந்தச் சந்தில் முப்பத்தெட்டு வருடமாகக் குழாயில் ஒரு சொட்டு கிடையாது. வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர். அதனால்தான் வீடு பாதி விலைக்கு வந்தது. "ஊருக்கெல்லாம் தண்ணி விட்ட மனுஷன், தண்ணியே இல்லாத வீடாப் பாத்து வாங்கிட்டு வந்திருக்காரு, எல்லாரும் வந்து பாருங்க" என்று அக்கம்பக்கத்தையே கூட்டிவிட்டாள் உன் தங்கை. குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்குத்தான் அந்த வாசலை மிதிப்பாளாம். அதுவரைக்கும் மகன் வீடு. அவள் சொன்னால் சொன்னதுதான், உங்கள் வம்சத்துப் பிடிவாதம் உனக்குத் தெரியும். மாதக் கடைசியில் இந்த வாடகை வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குள் அங்கே தண்ணீர் வராவிட்டால், இந்த வயதில் அவள் ஒரு வீட்டில், நான் ஒரு வீட்டில்.

விற்றவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. இந்தச் சந்தில் ஒரு வால்வு மூடிக் கிடக்கிறது, திறந்தால் தண்ணீர் வரும், யோசித்து விலை சொல்லுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியவரே, தண்ணி வந்தா மொதக் குளியல் நீங்களே குளிங்க. எனக்கு இந்த வெல போதும்" என்றார்.

அந்த வால்வை மூடியது என் கை. உனக்குத் தெரியும். உன் தங்கைக்குத் தெரியாது. அதனால் அவள் கையாலேயே முழுதாக எழுதட்டும்.

அந்த வருடம் சந்து முனையில் குழாய் ஜாயின்ட் விட்டுப்போய் நாம் ஐந்து பேர் இறங்கினோம். நான் வால்வை மூடினேன், பதினாலு சுற்று. ஜாயின்ட்டை மாற்றிக் கை கழுவுவதற்குள் ஆஸ்பத்திரிப் பக்கம் பெரிய குழாய் வெடித்துவிட்டது, ஓடுங்கள் என்றார்கள். வால்வைத் திறக்காமலே ஓடினோம். மூன்று நாள் இடுப்பளவுச் சேற்றில் நின்றுவிட்டுத் திரும்பினால், யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சந்து முழுக்கத் தார் ஊற்றி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். வால்வு இருந்த தடமே இல்லை. புது ரோட்டை உடைத்தால் என் சீட்டு கிழியும், அடுத்த வருடம் புது லைன் போட்டுக்கொள்ளலாம், எவனும் வாய் திறக்கக் கூடாது என்றார் ஓவர்சியர்.

நீ ஒருவன்தான் வாய் திறந்தாய். "சனங்க குடிக்கிற தண்ணிய மூடி வெச்சிட்டு, ஒனக்கு சீட்டு ஒரு கேடா" என்று நடுச்சந்தில் கேட்டாய். நம் ஐந்து பேரில் எவனுக்கும் குழாய் வரைபடம் பார்க்கத் தெரியாது. ஊரில் இருக்கிற வால்வுக்கெல்லாம் உன் கால்தான் கணக்கு. சலூன் படியிலிருந்து புதுத் தாரின் மேல் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாய். முப்பத்தொன்றாவது தப்படியில் நின்று, "இங்கதான்டா இருக்கு, மறந்துடாதீங்கடா" என்று காலால் உதைத்தாய்.

அடுத்த வாரமே உன்னை ஊருக்கு வெளியே பம்ப் ஸ்டேஷனுக்குத் தூக்கி அடித்தார்கள். ஆறு மாதத்தில் நீ வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனாய். அதே மாதம் என் வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள். ஓவர்சியர் சொன்ன புது லைன் வரவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. கைக்குழந்தைக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்திலும் கைக்குழந்தைகள் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன் முன்கோபத்தில் வேலையை விட்டான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் உள்ளே பாத்திரங்கள் மட்டும் பேசின. பிறகு வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ம், சொல்லுங்க" என்றாள்.

பேங்கில் இருந்தது அந்த நிரந்தர வேலையில் வந்த பணம், மச்சான். அதை வேறு எந்தத் தெருவில் கொண்டுபோய்ப் போடுவேன்?

தண்ணீர் ஆபீசில் இப்போது இருக்கும் இன்ஜினீயரம்மா என் சின்ன மகளைவிடச் சின்னவர். வரைபடத்தில் அப்படி ஒரு வால்வே இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாவது முறை நேரில் வந்தார். இரும்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பட்டறைகள் இத்தனை வருடம் உதிர்த்த இரும்புத்தூளில் சந்து முழுக்க அது கூவிக்கொண்டே வந்தது. கடைசியில் அலுத்துப்போய், "ஒரே ஒரு குழி. இருபத்திரண்டாம் தேதி காலையில. எங்கன்னு நீங்க காட்டணும். தப்பிப்போச்சுன்னா மூடிட்டுப் போயிடுவேன், அப்புறம் என் பக்கம் வரக்கூடாது" என்றார். உள்ளே துரு ஏறியிருக்காதா என்றும் கேட்டார். அந்தக் காலத்து வார்ப்பிரும்பம்மா, உங்களையும் என்னையும் தாண்டி நிற்கும் என்றேன்.

சலூன் இப்போது போன் ரிப்பேர் கடை. ஆனால் கருங்கல் படி அசையவில்லை. நானே நடந்து பார்த்தேன். என் காலுக்கு முப்பத்தொன்று லேத் பட்டறை வாசலோடு முடிந்துவிடுகிறது. உன்னைப்போல எட்டி வைத்தால் ஒருமுறைக்கு ஒரு இடம். நாலாவது முறை எட்டும்போது பேண்ட் தையல் விட்டது. "பெருசுக்கு டான்ஸ் நல்லா வருது" என்று லேத்துக்காரர் விசிலடித்தார். ஒருத்தன் கால் நீளத்தை நம்பி ஊர்த் தண்ணீரையே குறித்துவைத்த கூட்டம் நம்மைத் தவிர எங்காவது உண்டா?

அதனால் இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் நீ இங்கே வந்தாக வேண்டும். உன் முழங்கால் விஷயம் தெரியும். நடக்க வேண்டாம். படியருகே காலை எட்டி வைத்து ஒருமுறை நில், போதும். நான் கயிறு பிடித்து அளந்துகொள்கிறேன். அதற்கு அண்ணன் எதற்கு, அங்கேயே ஒரு நூலால் அளந்து தபாலில் போட்டால் ஆகாதா என்கிறாள் உன் தங்கை. அதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள் என்று அவள் முகம் சொல்கிறது. நூல் நனைந்தால் சுருங்கும், மச்சான். நூலை நம்பி நான் இன்ஜினீயரம்மா முன்னால் நிற்க மாட்டேன்.

மீதிப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று மகன் கேட்டான். முன்னறை வாசல் நிலையைப் பெயர்த்து ஒரு சாண் உயர்த்தி வைத்தேன் என்றேன். "உங்க உயரத்துக்கு எதுக்குப்பா அது?" என்றான். காற்று வரும் என்று சொல்லிவைத்தேன். கட்டிலையும் ஆறரை அடிக்குச் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. அந்த அறையில் காலை வெயில் ஒன்பது மணி வரைக்கும் இருக்கிறது. முழங்காலுக்கு நல்லது. உன் மருமகள் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து நீ ஐந்து மாதமாகக் கீழே இறங்கவில்லை என்று உன் மகன் போனில் சொன்னான். எங்கள் வீடு தரையோடு தரை. திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டாம். அங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

நம் ஐந்து பேரில் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள் என்று விரல்விட்டுப் பார்த்தேன். நம் மேஸ்திரி போய்ப் பதினெட்டு வருடம். பூனைக்கண்ணன் தூக்கத்திலேயே போனான், கொடுத்து வைத்தவன். வாயாடி போன மழைக்காலத்தில், பேசிக்கொண்டிருந்த பேச்சை முடிக்காமலே போய்விட்டான். ஓவர்சியர் சாவுக்கும் போய்விட்டு வந்தேன், அங்கே எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த எண்ணை நடந்து காட்ட இன்னும் உயிரோடு இருப்பது, நெட்டை, நீ ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்
(கைநாட்டு)