பதினோரு பேரோட நம்பர்

7 ஆகஸ்ட் 2009, வெள்ளி

புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டிட்டுப் போயிடுச்சு. கம்ப்யூட்டர் சென்டர்ல கடைசி பேட்ச் முடிய ஆறரை.

நாளைக்கு சிதம்பரம், கம்ப்யூட்டர் ஆளுங்க கூடிப் பேசற ஒரு கேம்ப். எடுத்துக்க வேண்டியது: லேப்டாப் (சென்டரோடது, சார்கிட்ட சொல்லியாச்சு), சார்ஜர், டேட்டா கேபிள், குடை, தண்ணி பாட்டில்.

போக வேண்டியது ஸ்டெல்லா. என்கூட சென்டர்ல பாடம் எடுக்குறவ. நாளைக்கு அவ தங்கச்சிய பொண்ணு பாக்க வராங்க. அதனால அவ செஞ்சதை நான் போய்க் காட்டணும்.

அவ ஊரு செம்மங்குப்பம். சுத்தி கெமிக்கல் கம்பெனிங்க. நாத்தம் அடிச்சா ஊர்ல பதினோரு பேர் அவ போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவாங்க. எந்தத் தெரு, எத்தனை மணி. அது கம்ப்யூட்டர் மேப்புல சிவப்புப் புள்ளியா விழும். ஆறு மாசமா சேத்து வெச்சிருக்கா. நான் புரோகிராம்ல ரெண்டு தப்பு திருத்திக் குடுத்தேன், அவ்ளோதான்.

பஸ் ஸ்டாப்ல சொன்னா: "அக்கா, பேரும் நம்பரும் யாரு கண்ணுலயும் படக் கூடாது. அனுப்புறவுங்கள்ல எங்க அந்தோணி மாமாவே ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்காரு. பேர் இல்லாம ஒரு காப்பி போட்டிருக்கேன், அத மட்டும் திறங்க."

"எனக்குத் தெரியாதா, போடி"ன்னேன்.

8, சனி

6.40 பஸ். ஜன்னல் சீட்.

அண்ணாமலை நகர்ல ஒரு ஹால். அம்பது அறுபது பேர். மேடை இல்ல, சால்வை இல்ல, யார் பேசப் போறாங்கன்னு பட்டியலும் இல்ல. சுவத்துல பெரிய சார்ட், நேரம் போட்டு கட்டம் கட்டமா. பேசணும்னு நெனைக்கிறவுங்க ஒரு கட்டத்துல தலைப்ப எழுதிட வேண்டியதுதான். "சும்மா உக்காந்து வேடிக்கை பாக்க யாரும் வரலீங்க"ன்னாரு ஏற்பாடு செஞ்ச தாடிக்காரர்.

11.30 கட்டத்துல எழுதினேன். தலைப்புக்குக் கீழ என் பேர். ஸ்டெல்லா பேரயும் எழுத இடம் பத்தாதுன்னு நெனச்சேன். இடம் இருந்துச்சு.

முதல்ல எழுதி வெச்சதப் பாத்துப் படிச்சேன். அப்புறம் சரளமா வந்துச்சு. முன்வரிசையில சென்னைலேர்ந்து வந்த ஒருத்தர்: "இது டெமோவா? இல்ல, நெஜமாவே ஆளுங்க அனுப்புறாங்களா?" அவர் பக்கத்துல இருந்தவர் சிரிச்சார். எனக்கு சுருக்குன்னுது.

நெஜ ஃபைலைத் திறந்தேன். பேர், நம்பர், தெரு, அவுங்க எழுதின வரி. அப்புறம் கைதட்டல். அரை நிமிஷம் இருக்குமா? மூடிட்டேன்.

மத்தியானம் லெமன் சாதம், சிப்ஸ். "சூப்பர் ஐடியா மேடம் உங்களுது"ன்னு ரெண்டு பேர். ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல.

9, ஞாயிறு

நல்ல தூக்கம். துணி துவைச்சேன். சர்ச்சுக்குப் போற நேரமா இருக்கும்னு ஸ்டெல்லாவுக்கு போன் போடல. (பொய். போட பயம்.)

சாயங்காலம் பிரவுசிங் சென்டர். கேம்ப்புக்கு வந்த ஒருத்தர் பிளாக்ல எழுதியிருக்கார். என் போட்டோ. நல்லாத்தான் விழுந்திருக்கேன். எனக்குப் பின்னாடி ஸ்கிரீன். பெருசு பண்ணினா எல்லாம் படிக்க முடியுது. நாலாவது வரி அந்தோணி.

படத்த எடுக்கச் சொல்லி பிளாக் எழுதினவருக்கு மெயில் போட்டேன். பதில் இல்ல.

11, செவ்வாய்

ஸ்டெல்லா வேலைக்கு வரல. மத்தியானம் அவளே பேசினா.

"மாமாவ கேட்லயே நிறுத்திட்டாங்கக்கா. நெட்ல வந்த உங்க படத்த பிரிண்ட் எடுத்து சூப்பர்வைசர் கையில வெச்சிருந்தாராம். இது உன் நம்பர்தானேன்னு கேட்டாராம். இனிமே வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. எப்படிக்கா வெளிய போச்சு?"

"கை தவறி அந்த ஃபைல் திறந்துடுச்சு ஸ்டெல்லா."

"விடுங்கக்கா. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?"

12, புதன்

லேசா தூறல். படத்த எடுத்துட்டாங்க. பிளாக் எழுதினவர் போன் பண்ணினார். "சாரி மேடம், பின்னாடி இருந்ததக் கவனிக்கல." எவ்ளோ சுலபமா சொல்லிட்டார்.

கிளாஸ்ல ஒரே பாடத்த ரெண்டு தடவ எடுத்தேன். யாரும் சொல்லல. சாப்பாடு இறங்கல. அம்மா: "என்னாடி, உடம்பு சரியில்லையா?" தலைவலின்னேன். அதுவும் பொய்.

16, ஞாயிறு

செம்மங்குப்பம் போனேன். வெயில் மண்டையப் பொளந்துது.

அந்தோணி மாமா வீட்லதான். பையில துணி எடுத்து வெச்சிட்டிருந்தார். காடாம்புலியூர்ல சொந்தக்காரர் முந்திரி கம்பெனில மூட்டை தூக்குற வேலையாம், நாளைலேர்ந்து. ஸ்டெல்லா டீ போட எழுந்தா. வேணாம், உக்காருன்னேன்.

"கை தவறல. நானாத்தான் திறந்தேன். ஒருத்தர் சிரிச்சாரு. பொய்யின்னு நெனச்சுடுவாங்களோன்னு திறந்துட்டேன்."

அழக் கூடாதுன்னு வந்திருந்தேன். அழுதேன்.

மாமாதான் பேசினார். "நான் அனுப்புனது பொய் இல்லம்மா. கேட்ல கேட்டப்பவும் ஆமான்னுதான் சொன்னேன். ஆனா அத எப்ப சொல்லணும்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? நீ பண்ணிட்ட."

ஸ்டெல்லா என்னைப் பாக்கவே இல்ல. அந்த எஸ்.எம்.எஸ். வர்ற போன ஆஃப் பண்ணி பீரோவுல வெச்சிட்டாளாம். நோட்டுலேர்ந்து ஒரு தாளக் கிழிச்சு மீதி பத்து பேர், வீட்டு அடையாளம், எல்லாம் எழுதினா. "இவுங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க." அக்கான்னு கூப்பிடல.

ஆறு வீடு போனேன். ஒரு வீட்ல கெட்ட வார்த்தை. ஒரு பெரியவருக்குப் புரியல, மூணு தடவ சொன்னேன், மோர் குடுத்தார். ஒருத்தர் அங்கயே போன்லேர்ந்து சிம் கார்டக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டார். டெய்லர் கடைக்காரர், "எங்கிட்ட என்னாத்த புடுங்குவானுங்க"ன்னுட்டு தையல நிறுத்தவே இல்ல. பூட்டுன வீடு ஒண்ணு, பக்கத்து வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு, ஆள் வந்ததும் சொல்லிட்டுதான் நகர்ந்தேன்.

ஆறாவது வீட்ல ஒரு அம்மா, முறத்துல அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க. முழுசாக் கேட்டாங்க. திட்டல. "சரி, இனிமே நாத்தம் வந்தா நாங்க யாருக்கு அனுப்பறது?"

தெரியலன்னேன்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு"ன்னுட்டு முறத்தக் கீழ வெச்சு, தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சேன். இன்னும் நாலு வீடு.