கையை விட்டால் இறங்கும் ஸ்க்ரூ

புது ஸ்க்ரூ வந்த அன்றைக்குப் பட்டறையில் இருந்தது நாலு பேர். நீங்க, நான், உங்க தம்பி கோவிந்தன், மாமல்லபுரத்திலிருந்து படகு இன்ஜின் சாமானோடு வந்திருந்த காசி. வேறு யாராவது "நானும் இருந்தேன்" என்று சொன்னால் பொய்.

நேற்று பாஷா பாய் நீங்க போன துக்கம் கேட்க வந்தார். அவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உங்ககிட்டே சொல்லியாக வேண்டும்.

எமர்ஜென்சி வந்த வருஷம். செங்கல்பட்டில் இரும்பு சீவுகிற நம்ம மில்லிங் மிஷினில், மேசையை நீளத்துக்கும் குறுக்கேயும் மேலும் கீழும் நகர்த்துகிற ஸ்க்ரூ மூன்றும் தேய்ந்திருந்தன. கைப்பிடி கால் சுற்று சும்மா ஓடின பிறகுதான் மேசை நகரும். அந்த ஆட்டத்தோடு கல்பாக்கம் அணுமின் நிலைய வேலை எடுக்க முடியாது என்றீங்க. மெட்ராஸில் பழைய மிஷின் உடைத்து விற்ற பாஷா பாயிடமிருந்து கோவிந்தன் மூன்று பால் ஸ்க்ரூ வாங்கி வந்தான். மரைக்குள்ளே இரும்புக் குண்டுகள் உருளும். திருப்ப ஒரு விரல் போதும்.

சாக்கை விரித்துக் கிடத்தி, நட்டைக் காதோரம் உருட்டிப் பார்த்தீங்க. "கரகரன்னா குண்டு போச்சுன்னு அர்த்தம். இது தண்ணி மாதிரி ஓடுது."

நான் ஒன்றைத் துடைத்து நிமிர்த்தி வைத்தேன். நட்டு தானாகச் சுற்றிக்கொண்டு அடிக்கு இறங்கிவிட்டது. பழைய ஸ்க்ரூவில் அது அசையாமல் நிற்கும்.

"இத மேசைய மேல தூக்குற எடத்துல போடாதீங்க. கைய விட்டா கெணத்து வாளி மாதிரி எறங்கிடும்."

"இன்னா அண்ணி, மூணாங்கிளாஸ் படிச்சிட்டு மிஷினுக்கு ஜாதகம் பாக்குறீங்க" என்றான் கோவிந்தன்.

"அண்ணாத்த, பேசாம அண்ணிய வேலைக்கு வெச்சிக்கோ" என்றான் காசி. நீங்களும் சிரிச்சீங்க. லேசாகத்தான். ஆனாலும் சிரிச்சீங்க.

மூன்றையும் மாட்டினீங்க. இரண்டு நாள் மேசை நின்ற இடத்தில் நின்றது. கோவிந்தன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டினான். மூன்றாம் நாள், இறுக்கமாகப் போகிறதே என்று, மேசையைப் பக்கத்தில் கவ்விப் பிடித்திருந்த பட்டையைத் தளர்த்தினீங்க. அடியில் கைவிட்டு இரும்புச் சீவலைத் தள்ளினபோது மேசை இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"நான்தானே தளத்துனேன், என் தப்புதான்." கேட்டவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னீங்க. சாகிற வரைக்கும் சொன்னீங்க.

நேற்று பாஷா பாய் சொல்கிறார்: "தூக்குற எடத்துல போட்டா பிரேக் வெக்கணும்னு தம்பியாண்ட அன்னிக்கே சொன்னேனேம்மா. அவரு சொல்லலியா?"

கோவிந்தன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அவர் போனதும் கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும் அண்ணி. அதான் வாய தொறக்கல. பொறவு ஆஸ்பத்திரில எப்பிடிச் சொல்றது?"

உங்க தப்பு இல்லைங்க. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்க சிரித்ததை என்றைக்கோ விட்டுவிட்டேன், காசியையும் விட்டாயிற்று. உங்க கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் அழுதானே, அப்போதும் வாய் திறக்காமல் அழுதானே, அந்தக் கோவிந்தனை விடமாட்டேன்.