பட்டாளத்துப் பிளேன்

தம்பிக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மாவின் இதய ஆபரேஷனை இனித் தள்ளிப்போடக் கூடாது என்று விழுப்புரம் டாக்டர் சொல்லிவிட்டார். நீ வந்தால்தான் சம்மதிப்பேன் என்கிறாள்.

நம் ஊர் ராணுவ ஓடுதளத்தில் பயணிகள் விமானமும் வந்துபோன காலத்தில் பெங்களூரிலிருந்து மாதம் தவறாமல் வந்தாய். முதல் விமானத்துக்கு மாலை வாங்கிப்போய் நின்றவன் நான். எல்லோரும் உன்னோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆள் சேரவில்லை என்று அதை நிறுத்தினார்கள். நீயும் நின்றுவிட்டாய். பஸ் இன்னும் ஓடுகிறது.

ராணுவ விமானங்களும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நேற்று ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"பிளேனு வருது. எம்புள்ள மட்டும் ஏன்டா வரல?"

"அது பட்டாளத்துப் பிளேன்மா. ஜனங்க போற பிளேன நிறுத்திட்டாங்க."

"நீதான் அவன வராதேன்னு சொல்லி வெச்சிக்கினு இருக்கற. படிச்ச வாயில வர்ற பொய்யப் பாரு!"

விமானம் நின்றதால்தான் நீ வரவில்லை என்பது, உன்மேல் பழி விழக் கூடாதென்று நான் சொன்ன காரணம்.

வெள்ளிக்கிழமைக்குள் வா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நிற்பேன். என்னிடம் பேச வேண்டாம். விமானம் நின்றுவிட்டது, பஸ்ஸில் வந்தேன் என்று அவளிடம் மட்டும் சொல்.

நீ சொன்னால் நம்புவாள்.

உன் அண்ணன்