குணலட்சுமி வாய் திறக்கவில்லை

யுவ வருடம், தை 6

இன்றும் புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பு. கிணற்றுத் துலா மிதித்துவிட்டு வந்தால், அக்கா சட்டியைக் காட்டுகிறாள். அரிசிமாக் கஞ்சி அப்படியே கிடக்கிறது, மேலே ஆடை படர்ந்து. கரண்டியைக் கண்டதும் என் மகள் குணலட்சுமி தலையைத் திருப்பி, உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம். எட்டு மாதப் பிள்ளைக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? எங்களைப் பெற்ற ஐயாவிடமிருந்து என்கிறாள் அக்கா. ஐயா ஒருமுறை சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனார். ஒருவன் இளக்காரமாக விலை கேட்டான் என்று அவ்வளவையும் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டார். பாதி வழியில் மழை. வெங்காயம் முழுக்க அழுகிப்போனது.

எதைச் சொல்ல வந்தேன்? ஓம். பிள்ளை இன்றும் சாப்பிடவில்லை.

தை 7

என் பெண்சாதி பூரணத்தை நெருப்புக்காய்ச்சலோடு ஆசுப்பத்திரியில் விட்ட நாளிலிருந்து பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. பிள்ளையை அங்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஆட்டுப்பால் தருகிறார். சங்கில் ஊற்றினால் தட்டிவிடுகிறாள். நித்திரையாக இருக்கும்போது துணியை நனைத்து உதட்டில் பிழிந்தால் கொஞ்சம் உறிஞ்சுகிறாள். அதில் ஒரு சீவன் எவ்வளவு காலம் நிற்கும்?

பூரணத்தின் தம்பி அருளம்பலம் ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தான்.

"கதைக்கவே ஏலாமல் கிடக்கிறா அத்தான். பிள்ளை சாப்பிட்டதோ எண்டு மட்டும் கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன்."

நல்லது செய்தான்.

எனக்கு எழுத்துக் கூட்டப் பழக்கினவள் பூரணம். வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அதற்குத்தான் எழுதுகிறேன். வருவாள்தானே?

தை 9

பிள்ளைக்குக் கண்பட்டதென்று அக்கா நாவூறு கழித்தாள். அடுப்பில் போட்ட செத்தல் மிளகாய் கமறவில்லையாம், அதனால் பொல்லாத நாவூறாம். அப்படியென்றால் நான் ஏன் இருமினேன் என்று கேட்கவில்லை.

பிள்ளை இன்றும் கஞ்சி வேண்டாம் என்றே வாயை மூடிக்கொண்டாள்.

தை 11

எழுதக் கை வரேல்லை.

"மூக்கைப் பொத்தினா வாய் தன்ரைபாட்டிலை திறக்கும். மருந்தும் உப்பிடித்தானே பருக்கிறது?" எண்டு அக்கா சொன்னா. பொத்தினது நான். நானே. கஞ்சி புரைக்கேறி, பிள்ளை நீலம் பாரிச்சுப்போச்சு. கவிட்டு முதுகிலை தட்டி — மூச்சு வந்துது. அழக்கூடச் சத்தமில்லை அதுக்கு. அக்கா கரண்டியை முற்றத்திலை எறிஞ்சிட்டு மூலையிலை இருந்திட்டா. என்ரை பிள்ளையை நானே கொல்லப் பாத்தனே. பூரணத்துக்கு என்னெண்டு சொல்லுவன்?

தை 12

என் கை முகத்துக்குக் கிட்டப் போனாலே வீரிடுகிறாள்.

தை 13

நித்திரையிலும் துணியை வாங்கவில்லை. விலாவெலும்பு தெரிகிறது. பரியாரி வந்து நாடி பார்த்தார். "உள்ளுக்கு ஏதும் போகவேணும்" என்றார். அது எனக்கும் தெரியும். கசாயம் தந்துவிட்டுப் போனார். கசாயமும் கரண்டியில்தானே கொடுக்கவேணும்.

தை 14

பிள்ளையின் வாய்க்குள், கீழ் முரசில் ஒரு வெள்ளைப் புள்ளி. பல்.

"நாளைக்குப் பிள்ளையின்ரை தலையிலை பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேணும்" என்றாள் அக்கா.

"தாய் அங்கை கிடக்க இஞ்சை கொண்டாட்டமோ?"

"கொட்டாட்டிப் பல்லு ஒழுங்கா வராதடா தம்பி."

"தின்னாத பிள்ளைக்குப் பல்லு என்னத்துக்கெணை?"

சொல்லிவிட்டு நானே அழுதேன். அக்கா மா வறுக்கப் போனாள்.

தை 15

இதை ஆறுதலாக எழுதவேணும். ஒன்றையும் விடக் கூடாது.

வெள்ளைத்துணி விரித்துப் பிள்ளையை இருத்தினோம். இருக்கப் பலமில்லை, முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்தோம். முன்னால் ஏடு, காப்பு, ஒரு பிடி நெல். பிள்ளை எதை எடுக்கிறதோ, பின்னுக்கு அதுதான் அதன் வாழ்வு என்பார்கள்.

"காப்பை எடுத்தாளெண்டா, நீ சீதனம் சேர்க்கத் துலா மிதிச்சே சாவாய்" என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை பகிடிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா பிள்ளையின் தலைக்கு மேலே துணியைப் பிடித்துக் கொழுக்கட்டைகளைக் கொட்டினாள். பல்லுப் போல வெட்டின தேங்காய்ச் சொட்டுக் குத்தின கொழுக்கட்டைகள் மடியில் உருண்டன. குணலட்சுமி ஏட்டைப் பார்க்கவில்லை, காப்பையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஒன்றைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். நல்லகாலம், அதில் குத்தின சொட்டு முதலே கழன்று விழுந்துவிட்டது.

"ஐயோ, தொண்டைக்கை இறுகப்போகுது!" அக்கா விரலை விட்டு எடுக்கப் பாய்ந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "விடணை அக்கா. அவளாத் தின்னுறாள்."

முரசால் நசித்து நசித்து, பாதியைத் துணியில் துப்பினாள். பாதியை விழுங்கினாள். பிறகு மற்றதுக்குக் கை நீட்டினாள். நான் அவசரமாக எல்லாச் சொட்டையும் பிடுங்கி எறிந்தேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

தை 16

அக்கா கொழுக்கட்டையை மசித்துக் கரண்டியில் நீட்டினாள். வாய் மூடிக்கொண்டது. அதே கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தோம். எடுத்துத் தின்றாள்.

நாங்கள் வாயில் தீத்தினால் வேண்டாம். தான் எடுத்தால் வேணும். இவ்வளவுதானா?

தை 19

பூசினிக்காயை விரல்போல வெட்டி, தொட்டால் நசியும் பதத்துக்கு அவித்தேன். வத்தாளங்கிழங்கும் அப்படியே. தட்டை வைத்துவிட்டு மற்றப்பக்கம் பார்க்கவேணும், கண்ணெடுக்காமல் பார்த்தால் தின்னமாட்டாள். முந்தி எங்களிடம் ஒரு நாம்பன் கன்று நின்றது. கையால் நீட்டினால் முறைத்துக்கொண்டு நிற்கும். புல்லைப் போட்டுவிட்டு வேலியடைக்கப் போனால் ஒரு துரும்பு மிஞ்சாது. கன்றோடு தெரிந்து நடந்தவனுக்குப் பிள்ளையோடு நடக்கத் தெரியவில்லை.

பாதி தலைமயிரில், கொஞ்சம் காகத்துக்கு. மிச்சம் உள்ளே.

அருளம்பலத்திடம் சொன்னேன்: "இண்டைக்கு நீ பொய் சொல்லத் தேவையில்லை."

மாசி 4

பூரணம் வண்டியில் வந்து இறங்கினாள். தலைமயிர் கொட்டி, கழுத்து மெலிந்து. பிள்ளை முழித்துப் பார்த்தது. குரல் கேட்ட பிறகுதான் தாவியது.

மாசி 5

பூரணம் கஞ்சி வேண்டாம் என்கிறாள். நான் கரண்டியோடு கிட்டப் போனேன்.

"இஞ்சேருங்கோ, என்னைக் கரைச்சல்படுத்தாதேங்கோ."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கரண்டியை வைத்துவிட்டேன். பிள்ளையின் பூசினித் தட்டை இரண்டு பேருக்கும் நடுவே வைத்துவிட்டு இறைப்புக்குப் போனேன். தண்ணீர் கடைசிப் பாத்தி வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பினேன்.

தட்டில் ஒன்றும் இல்லை. பிள்ளையின் கன்னமெல்லாம் பூசினி. பூரணத்தின் விரல் நுனியிலும் இருந்தது.

யார் எவ்வளவு தின்றது என்று நான் கேட்கவில்லை.