ஓராண்டாக நேரில் அறிந்தவர்கள்

ஜனவரி 20, திங்கள்

பேப்பரில் வந்திருந்தது. நகரத்துக்குக் காலநிலைத் திட்டம் போடப்போகிறார்களாம். அதற்கு ஓர் ஆலோசனைக் குழு, அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மக்கள் பிரதிநிதி. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மூன்று தடவை படித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையராகி, மந்தைவெளியில் தனியாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் அறுபத்து மூன்று வயது கோமளம் யாருக்குப் பிரதிநிதி? எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. வெயில் காலத்தில், தனியாக இருப்பவர்கள் வீட்டுக் கதவை யாராவது தினம் ஒரு தடவை தட்ட வேண்டும். அவ்வளவுதான். இதை எங்கே போய்ச் சொல்வது என்று எட்டு மாதமாகத் தெரியாமல் இருந்தேன்.

ஜனவரி 22, புதன்

படிவம் கிடைத்தது. வேட்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: ‘விண்ணப்பதாரரைக் குறைந்தது ஓராண்டாக நேரில் அறிந்த, இப்பகுதியில் வசிக்கும் இருபத்தைந்து பேரின் கையெழுத்து.’

பட்டியல் போட உட்கார்ந்தேன். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தேவானை. மளிகைக் கடைக்காரர். அப்புறம்? அப்புறம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் இதே ஃபிளாட். அம்மா இருந்தவரை அம்மாவைத் தெரிந்தவர்கள் வந்து போனார்கள். என்னைத் தெரிந்தவர் பக்கத்து வீட்டு விஜயராகவன் சார் ஒருவர்தான். தினம் சாயங்காலம் கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குறுக்கெழுத்தில் சிக்கிய ஒரு கட்டத்தைக் கேட்பார். போன மே மாதம் அவரும் போய்விட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

கீழே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டம் இருக்கிறதே என்று படிவத்தோடு இறங்கினேன். மிட்டாய்க்கு நின்ற வரிசையிலேயே கையெழுத்தும் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரும் படிக்கவில்லை. ஒரு பெண் ‘வாக்காளர் பட்டியலா?’ என்றாள். இன்னொருவர் நான் புதிதாகக் குடி வந்திருக்கிறேனா என்று விசாரித்தார்! பத்தொன்பது சேர்ந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து மிட்டாயைக்கூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

இரண்டாவது மாடி ஜவஹர். பஸ் டிரைவராக இருந்து ரிடையரானவர், அவரும் தனி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

“ஒரு வருஷமா நேர்ல அறிந்தவர்னு போட்டுக்கீது மாமி. பதினோரு வருஷமா உங்க தலைக்கு மேலதான் கீறேன். உங்க பேரே இப்பதான் தெரியும். நான் எப்டி கையெழுத்து போட்றது?”

எனக்குச் சுருக்கென்றது. “எல்லாரும் போட்டுட்டாளே, உங்களுக்கு மட்டும் என்ன வந்துடுத்து?” என்றேன்.

“இது இன்னாத்துக்கு உங்களுக்கு? அத சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். படிக்கட்டில் நின்றுகொண்டு, இதுவரை ஒருத்தரிடமும் சொல்லாததை. சொன்ன வாயோடு இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

போன மே மாதம் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கும் விஜயராகவன் சார் கதவில் பால் பை பாக்கெட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூருக்கு, பெண் வீட்டுக்குப் போயிருப்பார், பால்காரரிடம் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த வெயிலில் பத்து மணிக்கெல்லாம் திரிந்துவிடும். வீணாகப் போகிறதே என்று பாக்கெட்டை எடுத்து என் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாளும் எடுத்து வைத்தேன். வந்ததும் கொடுக்கலாம் என்று. மூன்றாம் நாள் அவர் பெண் போன் செய்து அவர் எடுக்காததால், கதவை உடைத்தார்கள். சமையலறையில் விழுந்து கிடந்தார். வெயில் தாக்கியது என்றார் டாக்டர். நான் முதல் பாக்கெட்டை எடுத்த அன்று ராத்திரி வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கலாமாம்.

பால்காரர் அழுதார். “பை காலியா இருந்திச்சே, சார் எடுத்துக்கினார்னுல்ல நெனச்சேன்?”

காலி பண்ணினது நான். நல்லது பண்றேன்னு நெனச்சுண்டு நான்தான் எடுத்தேன். நடுவுல ஒரு சுவர். ஒரே ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தா என்ன? கை வலிச்சிருக்குமா?

ஜவஹர் எல்லாவற்றையும் கேட்டார். கையெழுத்துப் போடாமலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். படாரென்று சாத்தியிருக்கலாம்.

ஜனவரி 29, புதன்

தெருவில் இன்னும் ஐந்து பேரிடம் வாங்கி, மொத்தம் இருபத்து நான்கு. மாநகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணிப் பார்த்து, “ஒண்ணு குறையுதேம்மா, வெள்ளிக்கிழமை கடைசி” என்று புது வெள்ளைப் படிவம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். தப்பாகிவிட்டால் மாற்றி எழுதிக்கொள்ளலாமாம்.

பஸ்ஸில் ஓர் அசட்டு யோசனை. விஜயராகவன் என்று நானே எழுதினால் என்ன? மொத்தப் பட்டியலில் உண்மையான கையெழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

எழுதவில்லை. இருபத்தைந்தாவதை யாரிடமாவது வாங்கியிருக்கலாம், கஷ்டமே இல்லை. ஆனால் ஜவஹர் சொன்னது சரி. பக்கத்து வீட்டுக் கதவையே தட்டாதவள், இந்தப் பகுதிக்கு நான்தான் பிரதிநிதி என்று போய் உட்காருவதாவது!

நீயே விண்ணப்பி என்று வெள்ளைப் படிவத்தைத் தேவானையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால் விஷயத்தையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நான் போய் இன்னா மாமி பேசுவேன்?”

“இதைத்தான்.”

விவரம் எழுதும்போதுதான் அவள் வீடு எங்கே என்று முதல் தடவையாகக் கேட்டேன். அடுத்த தெருவாம். ஒன்பது வருஷமாக என் புடவைகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.

ஜனவரி 31, வெள்ளி

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு கையெழுத்து. யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று விசாரித்துக்கொண்டேதான் வாங்கியிருக்கிறாள். ஜவஹர் முதல் ஆளாகப் போட்டிருக்கிறார். பொறாமையாக இருந்தது, எழுதாமல் என்ன? என் கையெழுத்து கடைசி வரியில்.

மார்ச் 15, சனி

பட்டியல் வந்துவிட்டது. எங்கள் பகுதிக்குத் தேவானை. தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தாள். எல்லாரும் மரத்தைப் பற்றியும் மழைநீர் வடிகாலைப் பற்றியும் பேசினார்களாம். இவள் கடைசியில் எழுந்து பேசினாளாம். எழுதிக்கொண்டார்களாம், செய்வார்களா தெரியாது.

“உங்க பேர சொல்லல மாமி. பால மட்டும் சொன்னேன்.”

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

மே 2, வெள்ளி

வெயில். நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை கனைத்தேன்.

மே 13, செவ்வாய்

காலையில் எழுந்திருக்கவே தோன்றவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று படுத்தே கிடந்தேன். எட்டு மணி அடித்தது, எட்டரை ஆனது. கதவைத் தட்டும் சத்தம். விடாமல் தட்டினார்கள்.

திறந்தால் ஜவஹர். பக்கத்தில் என் கதவில் பால் பை, பாக்கெட்டோடு அப்படியே.

“இன்னா மாமி, பால் இன்னும் வெளியவே கீது?”

“தூங்கிட்டேன். வெயில் ஏறியாச்சே, நீங்க எடுத்துக் கொடுத்திருக்கலாமே” என்றேன், அசட்டுத்தனமாக.

“நான் தொடல. நான் எடுத்துட்டு நீங்க கதவ தெறக்கலன்னா, அடுத்து வர்றவனுக்கு எப்டி தெரியும்?”

உள்ளே வரச் சொன்னேன். பால் திரியவில்லை, காபி போட்டேன். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்க வேண்டியிருந்தது. ஜவஹருக்குச் சர்க்கரை கூடாதாம். இன்றுதான் தெரியும்.