முப்பத்தொன்றும் நூற்றுப்பன்னிரண்டும்

2025 ஜூலை 8, செவ்வாய்

ஆய்வகத்தில் ஏசி ஓடவில்லை. ஓடினாலும் பாஸ்கல் வளர்க்கும் முத்துச்சிப்பித் தொட்டியின் வாடை நேராக என் மேஜைக்குத்தான் வரும். எனக்கு ஜூனியர், கடலோரப் புன்னைக்காயல் பையன், அவன் மூக்குக்கு அது வாடையே இல்லையாம்.

இன்று ஒன்று கிடைத்தது. ஆறாவது வருடத்தில், கடைசியாக, ஒன்று.

சிப்பியின் ஓட்டைக் கட்டும் புரதம் ஒன்றைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுகிறேன். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி அது. நீட்டி வைத்தால் ஒரு வேலையும் செய்யாது, மடங்கிச் சுருண்டால்தான் செய்யும். சுருளும்போது வரிசையில் தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் பக்கத்தில் வந்துவிடுவார்கள். எட்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு மில்லிமீட்டரில் கோடி ஆங்ஸ்ட்ராம்) வந்தால் அதற்குப் பெயர் தொடுகை. எந்த எண் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பட்டியல் போடுவதுதான் என் இளமை போன கதை.

சம்பத்குமார் சாரின் ப்ரோகிராமை ஓட்டினேன். 31-உம் 112-உம் தொடுகின்றன. இதுவரை யாரும் சொன்னதில்லை. ஓடு எப்படி இறுகுகிறது என்பதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம்.

சார் என் கைடு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், அதிர்ந்து பேச மாட்டார். "ம்" என்பார். அதில் மூன்று வகை: கேட்டேன், கேட்கவில்லை, வெளியே போ. இன்று நாலாவதாக ஒன்று வந்தது. கண்ணாடியைக் கழற்றி, "நன்னா இருக்கும்மா, இதையே நாலாவது அத்தியாயமா வச்சுடு" என்றார்.

ஆகஸ்ட் 8 கமிட்டி. அன்று என் ஆய்வுச் சுருக்கத்தில், அதாவது சினாப்சிஸில், சார் கையெழுத்துப் போட்டால் வருட முடிவுக்குள் நான் டாக்டர். போடாவிட்டால் அடுத்த கமிட்டி ஜனவரியில். இன்னொரு ஆறு மாதம் என்னால் முடியாது. முடியவே முடியாது.

ஜூலை 9

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

நாசரேத், அம்மா வீடு. ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது நான் கைப்பையில் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தேன். குருவானவர் கல்யாண நாள், பேரப்பிள்ளை, கண் ஆபரேஷன் எல்லாம் வாசித்து முடித்து, "தேவகனி டீச்சர், தங்கள் மகள் ஜெபசுதா முத்துச்சிப்பியில் உலகம் அறியாத ஓர் உண்மையைக் கண்டுபிடித்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. வாயில் மிட்டாயோடு எழுந்து நின்றேன்.

வெளியே வந்ததும் விசாரணை. கடலில் மறுபடியும் முத்து விளையுமா என்று ஒருவர் கேட்டார். இன்பமணி அண்ணாச்சி தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், "சுகருக்குக் கேக்குமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இப்போதைக்குக் கேக்காது அண்ணாச்சி என்றேன். 'இப்போதைக்கு' என்று ஏன் சொன்னேன்?

ஜூலை 16

கமிட்டிக்குப் படம் வேண்டுமே என்று புரதத்தைத் திரையில் திறந்து, 31-இலிருந்து 112-க்குப் புள்ளிக்கோடு போட்டேன். கோடு புரதத்தின் இந்தப் பக்கம் கிளம்பி, நடுவில் குடைந்து, அந்தப் பக்கம் போய் நின்றது. நாற்பத்துமூன்று ஆங்ஸ்ட்ராம்.

எட்டுக்குள் இருக்க வேண்டியது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நாற்பத்துமூன்று. பாஸ்கலின் கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கும் நாற்பத்துமூன்று. கேன்டீனில் ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்து போட்டேன். பஜ்ஜியால் ஒரு மாற்றமும் இல்லை.

ஜூலை 17

பிடிபட்டது. பிடிபடாமலே இருந்திருக்கலாம்.

புரதத்தின் வடிவம் உள்ள அந்தக் கோப்பில் ஒரு புரதம் இல்லை, இரண்டு. ஒரே மாதிரி, ஒட்டி ஒட்டி. வடிவத்தை அளக்கப் புரதத்தைப் படிகமாக்குவார்கள், அந்தப் படிகத்தில் அப்படித்தான் அடுக்கியிருந்திருக்கிறது. ஒன்றுக்கு ஏ என்று பெயர், மற்றதற்கு பி. இரண்டிலும் அதே எண்கள். ஏ-யின் 31 தொடுவது பி-யின் 112-ஐ. பழைய பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் ஒட்டி நிற்கிறது. நம் பஸ்ஸின் 31-ஆம் சீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கைநீட்டிப் பக்கத்து பஸ்காரியிடம் குழந்தையைக் கொடுக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ் என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். (112 சீட்டுள்ள பஸ் எங்கே ஓடுகிறது என்று கேட்கக் கூடாது.)

ப்ரோகிராம் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை? திறந்து பார்த்தேன். சேர்ந்த அன்று மேலே ஒரு வரி எழுதியதோடு சரி, உள்ளே படிப்பது ஆறு வருடத்தில் இதுதான் முதல் முறை. தலையில் சார் எழுதியிருக்கிறார்: "2010. சரியாக ஓடுகிறது. தொட வேண்டாம்." அதன் கீழே ஒவ்வொரு மாணவராகக் குறித்துவைத்திருக்கிறார்கள். "2013. தொடவில்லை." "2016. நானும் தொடவில்லை." "2017. தொடவே இல்லை." "2018. இல்லை சார்." கடைசியில் என்னுடையது: "2020. தொடமாட்டேன்."

ப்ரோகிராம் எண்ணை மட்டும் படிக்கிறது. ஏ-யா பி-யா என்று கேட்பதே இல்லை. என் பட்டியலில் இருந்த நாற்பத்தோரு தொடுகைகளில் எட்டு பக்கத்து பஸ்.

ஒரே சங்கிலி உள்ள கோப்பு என்றால் பிரச்சினை வராது. எனக்கு முன்னால் இருந்த நான்கு பேரும் அப்படித் தப்பித்திருக்கிறார்கள். ஆனால் சாரின் 2011 கட்டுரை? அவர் பெயரை ஊரறியச் செய்த கட்டுரை? அதில் இருபத்துமூன்று புரதங்கள். நான்கில் இரட்டைச் சங்கிலி.

ஐயோ. இத நான் போயி அவருட்ட எப்பிடிச் சொல்ல? கையெழுத்துப் போடப்போறவரே அவருதானே?

ஜூலை 18

பாஸ்கலிடம் சொன்னேன். சிப்பி ஓட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒப்பம் வாங்குத வரைக்கும் வாயத் தொறக்காதிய அக்கா. வாங்கிட்டுச் சொல்லுங்க."

"வாங்கினப்புறம் எதுக்குலே சொல்லணும்?"

"அதான் நானும் சொல்லுதேன்."

ஜூலை 21

சார் அறைக்குள் போனேன். "என்னம்மா?" என்றார். ஸ்டேப்ளர் வேண்டும் என்றேன். கொடுத்தார்.

ஜூலை 22

ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 24

அம்மா போனில். பஸ் கதையைச் சொன்னேன்.

"ஏளா, ஸ்தோத்திரம் பண்ணியாச்சே. இப்போ இல்லன்னா எப்பிடி?"

"எனக்கு மட்டும் தெரியுமாம்மா?"

"ஆண்டவருக்குத் தெரியும், அவரு பாத்துக்கிடுவாரு. சபைக்குத் தெரியாண்டாம். நம்ம குருவானவருக்கு மாற்றல் வந்திருக்கு. அடுத்து வாரவருக்கு இது ஒண்ணும் தெரியாது. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழம நீ அங்கனயே இரி."

என் அம்மா முப்பது வருடம் கணக்கு டீச்சர்.

ஜூலை 26

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஊரே அங்கே. காலியான ஆய்வகத்தில் நாலாவது அத்தியாயத்தைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல். படிக்கப் படிக்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, பிறகு வெட்கமாக இருந்தது.

எனக்குத் தெரிந்து நான் பொய் சொல்லி டாக்டராக வேண்டுமா? வேண்டாம். ஆனால் ஜனவரி? அதுவும் வேண்டாம். இரண்டும் வேண்டாம் என்பதற்குக் கமிட்டிப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஜூலை 28

சொல்லிவிட்டேன்.

கணினியை அவர் மேஜையில் வைத்து, புள்ளிக்கோட்டைக் காட்டி, ஏ-யையும் பி-யையும் வேறு வேறு நிறத்தில் காட்டினேன். பிறகு ப்ரோகிராமைத் திறந்தேன். மெதுவாகக் கீழே இறக்கிப் படித்து, எண்ணை மட்டும் படிக்கும் வரியில் நின்றார்.

"இந்த வரியை யாரும்மா எழுதினது?"

"நீங்கதான் சார்."

"ம்."

இது என் பட்டியலில் இல்லாத வகை. 2011 கட்டுரையில் நான்கு என்பதையும் சொன்னேன், ஏன் சொன்னேன், வந்ததோடு வந்ததாகச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ போலாம்மா" என்றார். குரல் எப்போதும்போல் மெதுவாகத்தான் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தொட்டி அறையில் உட்கார்ந்து அழுதேன். பாஸ்கல் ஒன்றும் கேட்காமல் ஒரு பிரஷ்ஷை என் கையில் கொடுத்தான். பதினேழு சிப்பி தேய்த்தேன்.

ஜூலை 29

சார் லீவு. நான் சேர்ந்த பிறகு அவர் போட்ட முதல் லீவு.

ஜூலை 31

இன்றும் லீவு. போச்சு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கூப்பிட்டார். மேஜை முழுக்கத் தாள். நான்கு புரதங்களையும் கையாலேயே மறுபடி கணக்கிட்டிருக்கிறார், மூன்று நாளாக. கட்டுரையின் ஒன்பது முடிவுகளில் இரண்டு நிற்காதாம். அதைச் சொன்னபோதுகூடக் கோபம் தெரியவில்லை. வேறொன்றில்தான் அவர் மனசு விட்டுப்போயிருந்தது.

"பதினஞ்சு வருஷம். ஒருத்தர்கூட உள்ள திறந்து பாக்கலையே. அவ்வளவு மரியாதையா என்மேல?"

"பயம் சார்."

கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். கையெழுத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

மாதா திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. சங்கிலியின் பெயரையும் படிக்கிற மாதிரி ப்ரோகிராமைப் புதிதாக எழுதினேன். நாற்பத்தொன்று முப்பத்துமூன்றானது. நாலாவது அத்தியாயம் காலி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கமிட்டி. வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "உங்க புதுக் கண்டுபிடிப்பு என்ன?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னார்: "எங்கிட்ட பதினஞ்சு வருஷமா ஒரு தப்பு இருந்தது. அதைக் கண்டுபிடிச்சிருக்கா."

சாரே தொடர்ந்தார். இரண்டு புரதங்களும் நிஜமாகவே சேர்ந்து வேலை செய்கின்றனவா, படிகத்தில் நெருக்கியதால் ஒட்டிக்கொண்டனவா, அதைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார். ஆக, சினாப்சிஸில் கையெழுத்து இல்லை. ஜனவரி. வேறொரு தாளில் போட்டார்: 2011 கட்டுரைக்கான திருத்தக் கடிதம். என் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜனவரி என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சாரின் பழைய மாணவர்கள் நான்கு பேரும் போன் செய்துவிட்டார்கள். ஒருவர்கூட வாழ்த்தவில்லை. மூத்தவர் கிருபாநிதி, "ஏம்மா, ஒனக்கு வேற வேலையே இல்லயா?" என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் புலம்பி, "சரி, நீ புதுசா எழுதினத எனக்கு அனுப்பு" என்று முடித்தார். நால்வருக்கும் அனுப்பினேன். சாருக்கும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9

காலையில் சாரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. "திறந்து பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் ஒரு தப்பு இருக்கிறது."

பார்த்தேன். இருக்கிறது.